எண்ணெய் நிரப்பப்படாத சுரங்கங்கள்: டார்வின் போர்க்கிடங்கும் காக்கப்படாத நினைவுகளும்

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கிறது டார்வின் நகரம். அங்கே சுற்றுலா போகிறவர்கள் பார்க்கும் இடங்களில் ஒன்று, துறைமுகத்தை ஒட்டிய குன்றின் அடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரங்கங்கள். இரண்டாம் உலகப்போரின்போது கடற்படைக்கான எரிபொருளைக் குண்டுவீச்சிலிருந்து காப்பாற்றி வைப்பதற்காகத் தோண்டப்பட்டவை அவை. இன்று சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் உள்ளே போகலாம். ஐந்தாம் எண், ஆறாம் எண் சுரங்கங்கள் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று ஏறக்குறைய 170 மீட்டர் நீளம் போகிறது. துருவேறிய இரும்புத் தகட்டுச் சுவர், அங்கங்கே கசியும் தண்ணீர், வழிநெடுகப் போர்க்காலப் புகைப்படங்கள். உள்ளே போய்ப் பார்க்க வேண்டியது இவ்வளவுதான்.

இன்னொரு செய்தியும் உண்டு. போர் முடியும்வரை இந்தச் சுரங்கங்களில் ஒரு சொட்டு எண்ணெய்கூட நிரப்பப்படவில்லை.

பயன்படாமல் போன ஒரு இராணுவக் கிடங்கை ஏன் மரபுச் சின்னமாகக் காக்க வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றும் எழும்: வெள்ளையர் இராணுவத்தின் எண்ணெய்க் கிடங்கைப் பற்றிச் சேரியிலிருந்து படிக்க வந்த நாம் ஏன் பேச வேண்டும்? இந்தக் கட்டுரை இரண்டாவது கேள்விக்கான பதில். எதைக் காப்பது, எதைக் கைவிடுவது, யாருடைய பெயரைப் பலகையில் எழுதுவது என்பதை அதிகாரம் எப்படி முடிவு செய்கிறது என்று கற்றுக்கொள்ள டார்வின் நல்ல இடம்.

குண்டு விழுந்த நாள்

1942 பிப்ரவரி 19 காலை பத்து மணிக்குச் சற்று முன்னால் ஜப்பானிய விமானங்கள் டார்வினைத் தாக்கின. பத்து வாரங்களுக்கு முன் பேர்ள் ஹார்பரைத் தாக்கிய அதே விமானந்தாங்கிக் கப்பல் படையிலிருந்து கிளம்பியவை அவை. முதல் தாக்குதலில் 188 விமானங்கள். நண்பகலுக்குள் இரண்டாவது தாக்குதல், 54 விமானங்கள். குறைந்தது 235 பேர் செத்துப்போனார்கள். துறைமுக மேடையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களும் அவர்களில் அடக்கம். வெடிமருந்து ஏற்றியிருந்த நெப்டியூனா என்ற கப்பல் மேடையோரத்திலேயே வெடித்துச் சிதறியது.

அதையும் சேர்த்து 1943 நவம்பர் வரை டார்வின்மீது 64 முறை வான்தாக்குதல் நடந்தது. துறைமுகத்தின் அருகே ஸ்டோக்ஸ் ஹில் என்ற மேட்டில் கடற்படையின் எண்ணெய்த் தொட்டிகள் திறந்தவெளியில் நின்றிருந்தன. ஆகாயத்தில் இருந்து பார்க்கிறவனுக்கு அதைவிட எளிய குறி கிடையாது. அடுத்தடுத்த தாக்குதல்களில் தொட்டிகள் பற்றி எரிந்தன. அதனால்தான் எண்ணெயைப் பூமிக்கு அடியில் கொண்டுபோவது என்று முடிவானது.

1943இல் குன்றைக் குடையத் தொடங்கினார்கள். பெரும்பகுதி வேலை கடப்பாரை, பிக்காசு, மண்வெட்டியால் நடந்தது. குடைந்த இடத்தில் கான்கிரீட் பூசி, அதற்குள் இரும்புத் தகடு பொருத்த வேண்டும். வடக்கு ஆஸ்திரேலியாவின் மழைக்காலம் நம் ஐப்பசி கார்த்திகையைவிடக் கடுமையானது. பாறை இடுக்கு வழியே தண்ணீர் கசிந்து கான்கிரீட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் புகுந்தது. தகடு அரித்தது. திட்டமிட்ட சுரங்கங்களில் ஒரு பகுதி மட்டுமே முடிந்தது. அதுவும் முடிந்தபோது ஜப்பான் சரணடையும் நேரம் வந்துவிட்டது. இவ்வளவு இரும்பும் சிமெண்டும் மனித உழைப்பும் மண்ணுக்குள் போனது, எதற்கும் பயன்படாமல்.

போரின் ஐம்பதாம் ஆண்டு நினைவை ஒட்டி 1992இல் சுரங்கங்கள் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டன. இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதற்கே வருவோம்.

அந்த மண் யாருடையது?

சுரங்கம் குடையப்பட்ட குன்றும் அதன்மேல் எழுந்த நகரமும் துறைமுகமும் லரக்கியா என்னும் பூர்வகுடி மக்களின் நிலம். 1869இல் வெள்ளையர் குடியேற்றம் அங்கே நிலைகொண்டபோது லரக்கியாக்களிடம் யாரும் விலை பேசவில்லை, ஒப்பந்தம் எழுதவில்லை. அளந்தார்கள், கூறு போட்டார்கள், விற்றார்கள்.

1913இல் நகரத்தை ஒட்டிக் காலின் வளாகம் என்ற குடியிருப்பை அரசு அமைத்தது. நகரத்தில் வேலை செய்யும் பூர்வகுடிகள் அங்கேதான் தங்க வேண்டும். 1918ஆம் ஆண்டின் பூர்வகுடிகள் சட்டத்தின்படி அவர்களுக்கெல்லாம் 'பாதுகாவலர்' ஒருவர் இருந்தார். எங்கே வசிக்கலாம், யாரிடம் வேலை செய்யலாம், கூலி யார் கைக்குப் போக வேண்டும், யார் யாரைத் திருமணம் செய்துகொள்ளலாம் என்பது வரை அதிகாரம் அவரிடம் இருந்தது. நகரத்தின் பகுதிகளைத் 'தடுக்கப்பட்ட இடம்' என்று அறிவிக்கச் சட்டம் வழிசெய்தது. பகலில் வெள்ளையர் வீட்டில் துணி துவைத்து, பிள்ளையைத் தூக்கி வளர்த்துவிட்டு, பொழுது சாய்ந்தால் வளாகத்துக்குத் திரும்பிவிட வேண்டும். இந்த ஏற்பாட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊருக்கு நம் உழைப்பு வேண்டும், ஊருக்குள் நாம் வேண்டாம்.

வெள்ளைத் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிடுங்கிக்கொண்டுவந்து தனி விடுதிகளில் அடைத்ததும் இதே சட்டத்தின் பேரில்தான். அந்தப் பிள்ளைகளைத்தான் பிற்காலத்தில் 'திருடப்பட்ட தலைமுறைகள்' என்று ஆஸ்திரேலியா அழைத்தது.

1938 வாக்கில் காலின் வளாகத்து மக்களை நகரத்துக்கு இன்னும் தள்ளியிருந்த பேகட் குடியிருப்புக்கு மாற்றினார்கள். காலின் இருந்த இடத்தில் புதிய மருத்துவமனை எழுந்தது. அது திறந்த சில நாட்களிலேயே குண்டுவீச்சு வந்தது. அதற்குப் பக்கத்தில் மைலி முனையில், உயர் அதிகாரிகளுக்காகக் கட்டப்பட்ட அழகிய மர வீடுகள் இன்றும் மரபுச் சின்னங்களாகப் பேணப்படுகின்றன. அதிகாரியின் வீடு நிற்கிறது. அந்த வீட்டைப் பெருக்கித் துடைத்தவர்கள் இரவு தங்கிய வளாகம் நிற்கவில்லை.

போர் வந்ததும் லரக்கியாக்களும் மற்றப் பூர்வகுடிகளும் நகரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டுத் தெற்கே முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தாயிடமிருந்து பிரிக்கப்பட்டுக் குரோக்கர் தீவின் கிறித்தவ மிஷன் விடுதியில் இருந்த 95 பிள்ளைகள் படகிலும் நடந்தும் லாரியிலும் ரயிலிலும் 44 நாட்கள் பயணம் செய்து சிட்னிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். முதலில் அரசு அவர்களைத் தாயிடமிருந்து பிரித்தது. பிறகு போர் அவர்களை அந்த வடபுலத்திலிருந்தே பிரித்தது.

யாருடைய உழைப்பு?

போர் வரும்போது அதிகாரத்துக்கு ஆள் வேண்டும். வழக்கமாகத் தீட்டு பார்க்கும் கை அப்போது கொஞ்சம் தளரும்.

ஆஸ்திரேலிய இராணுவ விதிப்படி பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர்தான் படையில் சேரலாம். ஆனால் ஜப்பான் வடக்கு வாசலுக்கு வந்ததும், சேர்க்கக்கூடாதவர்கள் இல்லாமல் எதுவும் நடக்காது என்ற நிலை வந்தது. வடபகுதியில் இராணுவம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூர்வகுடிகளை வேலைக்கு வைத்தது. காத்தரின், மாத்தராங்கா, அடிலெய்டு ரிவர் போன்ற இடங்களில் அவர்களுக்கான முகாம்கள் அமைந்தன. சரக்கு ஏற்றி இறக்கினார்கள். மரம் வெட்டினார்கள். வெடிமருந்துக் கிடங்குகளில் வேலை பார்த்தார்கள். வாகனங்களைச் செப்பனிட்டார்கள். காய்கறித் தோட்டம் போட்டுப் பட்டாளத்துக்குச் சோறு போட்டார்கள். டார்வினைச் சுற்றி எழுந்த போர் ஏற்பாடுகள் எல்லாம் இந்த உழைப்பின்மேல் நின்றவை.

கூலி வெள்ளைப் படைவீரனின் சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான். ஆனாலும் முகாம்களில் முறையான சாப்பாடு இருந்தது, மருத்துவம் இருந்தது, வாரம் தவறாமல் காசு கைக்கு வந்தது. வடபகுதியின் கால்நடைப் பண்ணைகளில் பூர்வகுடிகள் அதுவரை மாவுக்கும் சர்க்கரைக்கும் புகையிலைக்கும் உழைத்துவந்தவர்கள். இப்போது பண்ணை முதலாளிகளுக்குப் பயம் வந்துவிட்டது. பட்டாளத்தில் பழகிவிட்டால் இவர்கள் திரும்பிவந்து சும்மா உழைப்பார்களா? பண்ணையாள் வெளியூர் வேலைக்குப் போய் நாலு காசு பார்த்துத் திரும்பும்போது மிராசுதாருக்கு வந்த பயமும் இதேதான்.

1944 முதல் 1946 வரை ரொனால்டு பெர்ண்ட், கேத்தரின் பெர்ண்ட் என்ற மானுடவியல் இணையர், வெஸ்டி என்ற பிரிட்டிஷ் இறைச்சி நிறுவனத்துக்காக அதன் கால்நடைப் பண்ணைகளை ஆய்வு செய்தார்கள். இராணுவ முகாம்களையும் பார்த்தார்கள். பண்ணைகளில் இருந்த நிலைமை மிக மோசம் என்று எழுதினார்கள். அந்த ஆய்வு நூலாக வெளிவந்தது 1987இல். நாற்பது ஆண்டு கழித்து. பண்ணைகளில் ஒன்றின் பெயர் வேவ் ஹில். இந்தப் பெயரும் பிறகு வரும்.

இராணுவம் இன்னும் ஒன்றையும் செய்தது. ஜப்பானியர் கரையிறங்கினால் காட்டுக்குள் இருந்து எதிர்க்க வேண்டும் என்பதற்காக, 1942இல் டொனால்டு தாம்சன் என்ற மானுடவியலாளர் தலைமையில் சிறப்பு வேவுப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. ஆர்ன்ஹெம் நிலத்தின் யொல்ங்கு மக்களில் ஏறக்குறைய ஐம்பது ஆண்கள் அதில் இருந்தார்கள். கடற்கரையின் ஒவ்வொரு கழிமுகமும் தெரிந்தவர்கள், ஈட்டியோடு காவல் காத்தார்கள். முறைப்படி படையில் பதியவில்லை என்பதால் சம்பளம் கிடையாது. மீன் தூண்டில், கம்பி, புகையிலை கொடுத்தார்கள். 1943இல் பிரிவைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

டாரஸ் நீரிணைத் தீவு மக்களுக்கு நடந்தது வேறு மாதிரி. அவர்களில் 800க்கும் மேற்பட்டோரை முறையாகவே படையில் சேர்த்துத் தனிப் பட்டாலியன் அமைத்தார்கள். சம்பளம் வெள்ளையருக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு. 1943 டிசம்பரில், போருக்கு நடுவிலேயே, அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீருடை அணிந்தவன் வேலைநிறுத்தம் செய்தால் இராணுவச் சட்டம் என்ன செய்யும் என்று தெரிந்துதான் செய்தார்கள். அதன்பிறகு சம்பளம் மூன்றில் இரண்டு பங்கானது. மீதி ஒரு பங்கு 1980களில்தான் வந்து சேர்ந்தது.

யொல்ங்கு வீரர்களுக்குச் சேர வேண்டிய சம்பளமும் பதக்கமும் எப்போது வந்தன தெரியுமா? 1992இல். எண்ணெய்ச் சுரங்கம் சுற்றுலாவுக்குத் திறக்கப்பட்ட அதே ஆண்டு. ஐம்பது ஆண்டு கழித்து வந்த கூலியை வாங்கிக்கொள்ள எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்? பலருக்காகக் குடும்பத்தார்தான் வாங்கிக்கொண்டார்கள்.

பெயர் பொறித்த கல்

இங்கே நாம் நம் வரலாற்றுக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போவோம். இராணுவச் சின்னம் என்றாலே நமக்கு அந்நியம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு நம்மிடமே ஒரு சாட்சி உண்டு.

மராட்டியத்தில் பீமா ஆற்றங்கரையில் கோரேகாவ் தூண் நிற்கிறது. 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா படையுடன் நடந்த சண்டையின் நினைவாகக் கிழக்கிந்தியக் கம்பெனி எழுப்பியது அது. கம்பெனி தன் பெருமைக்காகத்தான் எழுப்பியது, மகார்களின் விடுதலைக்காக எழுப்பவில்லை. ஆனால் செத்த சிப்பாய்களின் பெயர்களைக் கல்லில் வெட்டியது. அதில் 22 பெயர்கள் மகார்களுடையவை. பிற்காலத்தில் இதே பிரிட்டிஷ் அரசு மகார்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. அப்போது "நாங்கள் இங்கே இரத்தம் சிந்தியிருக்கிறோம்" என்று காட்டுவதற்கு அந்தக் கல் இருந்தது. 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அம்பேத்கர் அந்தத் தூணுக்குப் போனார். அதே ஆண்டு மார்ச்சில் மகாத் குளத்தில் இறங்கினார். இன்று ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான மக்கள் அங்கே கூடுகிறார்கள்.

கல்லை நட்டவனின் நோக்கம் வேறாக இருந்தும் அது நமக்குப் பயன்பட்டது, பெயர் இருந்ததால்.

பெயர் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? டார்வின் சுரங்கம் தோண்டப்பட்ட அதே 1943இல், சயாமையும் பர்மாவையும் இணைக்கும் ரயில்பாதைக்காக மலேயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானிய இராணுவம் கொண்டுபோனது. தோட்டத்துக் கூலிகளில் பெருந்தொகையானோர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று நமக்குத் தெரியும். காலராவிலும் பசியிலும் செத்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கான கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் இருக்கின்றன. வரிசை வரிசையாக, புல் வெட்டி, பெயர் பொறித்து. தண்டவாளத்தின் ஓரத்தில் புதைந்த தமிழனுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. ரயில்பாதை சுற்றுலாத் தலமாகிவிட்டது. பாலத்தின் பெயர் உலகத்துக்கே தெரியும்.

ஆகவே ஒரு போர்ச் சின்னத்தைக் காப்பதா இடிப்பதா என்பது மட்டும் நம் கேள்வி அல்ல. காக்கும்போது யாருடைய பெயரோடு காக்கிறார்கள் என்பதும் நம் கேள்வி.

அறுந்துபோன தொடர்ச்சி

மறுபடி டார்வினுக்கு வருவோம். போர் முடிந்தபின் லரக்கியாக்கள் தம் ஊருக்குத் திரும்பினார்கள். பெரிமா, பேகட் குடியிருப்புகளில் மறுபடி அதே கட்டுப்பாடு. ஆனால் திரும்பிவந்த மக்கள் பழைய மக்களாக இல்லை. 1947இல் வேலைநிறுத்தம் நடந்தது. 1950இன் முடிவிலும் 1951இன் தொடக்கத்திலும் மறுபடி நடந்தது. கூலியையும் உரிமையையும் கேட்டு முன்னால் நின்றவர்களில் ஒருவர் ஃப்ரெட் நட்பூர் வாட்டர்ஸ் என்ற லரக்கியா மனிதர். அவரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், பாலைவனத்தில் இருக்கும் ஹாஸ்ட்ஸ் பிளஃப் என்ற இடத்துக்கு நாடு கடத்தினார்கள். நீதிமன்ற விசாரணை எதுவும் இல்லாமல், 'பாதுகாவலர்' அதிகாரத்தின் பேரில். உயர் நீதிமன்றத்துக்குப் போய்ப் பார்த்தார்கள், கைகொடுக்கவில்லை.

1971இல் லரக்கியாக்கள் டார்வின் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். 1972இல் ஒரு மனு தயாரித்தார்கள். நிலத்தைத் திருப்பிக் கேட்கும் மனு. வடபகுதியெங்கும் இருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூர்வகுடிகள் கையெழுத்திட்டார்கள், பெருவிரல் ரேகை வைத்தார்கள். தாள்களை ஒட்டி ஒட்டி மூன்று மீட்டருக்கும் மேல் நீளமாகிவிட்டது. அந்த அக்டோபரில் பிரிட்டிஷ் அரசகுடும்பத்தின் இளவரசி மார்கரெட் டார்வினுக்கு வந்தார். அவர் கையில் கொடுக்கப் போனார்கள். போலீஸ் தடுத்த தள்ளுமுள்ளில் மனு கிழிந்தது. கிழிந்ததை ஒட்டி, கிழிந்ததற்கு மன்னிப்பும் கேட்டு, அரசிக்கே தபாலில் அனுப்பினார்கள்.

அந்த மனு இன்று ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. கிழிசலோடு இருக்கிறது.

1992 ஜூன் 3 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வெள்ளையர் வருமுன் இது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற பொய்யை அந்தத் தீர்ப்பு ஒதுக்கித் தள்ளியது. வழக்குத் தொடுத்த எடி மாபோ டாரஸ் நீரிணையின் மரே தீவைச் சேர்ந்தவர். தீர்ப்பு வருவதற்குச் சில மாதங்கள் முன்பு இறந்துபோனார்.

லரக்கியாக்களும் டார்வின் நகரப்பகுதி நிலத்தின்மேல் பூர்வீக உரிமை கேட்டு நீதிமன்றம் போனார்கள். 2006இல் தீர்ப்பு வந்தது. இந்த மண்ணில் அவர்கள்தான் இருந்தார்கள் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் அவர்களுடைய மரபுச் சட்டமும் வழக்கமும் இருபதாம் நூற்றாண்டில் இடையறாமல் தொடர்ந்தன என்று நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி உரிமையை மறுத்துவிட்டது.

தோழர்களே, இந்த இடத்தில் நிதானமாக நின்று யோசியுங்கள். தொடர்ச்சியை அறுத்தது யார்? பிள்ளைகளைப் பிடுங்கியது யார்? வளாகத்தில் அடைத்தது, அங்கிருந்து இன்னொரு வளாகத்துக்கு ஓட்டியது, போரின்போது ஊரைவிட்டே அகற்றியது, கூலி கேட்டவனைப் பாலைவனத்துக்கு அனுப்பியது யார்? அறுத்தவனே வந்து "அறுந்திருக்கிறதே, எனவே உனக்கு உரிமை இல்லை" என்கிறான். எண்ணெய் நிரப்பப்படாத சுரங்கத்துக்கு அதன் வரலாற்றை நிரூபிக்கும் வேலை இல்லை. கான்கிரீட் இருக்கிறது, அது போதும். மனிதர்களுக்கு மட்டும் நிரூபிக்கும் வேலை.

இது நமக்குப் பழக்கமான கதை. 1892இல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களைத் தேடி இன்றும் நம் தோழர்கள் தாலுகா அலுவலகத்தின் படியேறுகிறார்கள். 'அ' பதிவேடு எங்கே என்று கேட்டால், இல்லை என்பார்கள். இருந்தால் நிலம் கைமாறியிருக்கும். அனுபவத்தில் யார் இருக்கிறார்கள் என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். அனுபவத்தில் இருக்கவிடாமல் அடித்து விரட்டியவர்களைப் பற்றிப் பதிவேட்டில் ஒரு வரியும் இருக்காது. காகிதம் யார் கையில் இருக்கிறதோ நிலம் அவர் கையில் இருக்கும் என்பதை லரக்கியாக்களும் நாமும் ஒரே பாடமாகத்தான் படித்திருக்கிறோம்.

சுரங்கத்தை என்ன செய்வது?

இடித்துவிடலாமா? கூடாது என்பதே நம் கருத்து. அந்தச் சுரங்கம் அரசுக்கு எதிரான சாட்சியாகவும் நிற்க முடியும். போர் என்றால் குன்றையே குடைய அரசிடம் பணம் இருந்தது, எஃகு இருந்தது, ஆள் இருந்தது. அதே ஆண்டுகளில் யொல்ங்கு காவலாளிக்குக் கொடுக்கத் தூண்டில்தான் இருந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்தச் சுரங்கம் வேண்டும். இடித்துவிட்டால் ஒப்பிட்டுக் காட்ட நம்மிடம் ஒன்றும் இருக்காது.

மரபுச் சின்னம் என்றாலே கட்டடம் என்று நினைக்கும் பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். கட்டடம் கட்டுகிறவர்கள் யாரோ அவர்களின் வரலாறு மட்டுமே கட்டடத்தில் தங்கும். குடிசையில் இருந்தவர்களுக்கும் வளாகத்தில் அடைபட்டவர்களுக்கும் கல் மிஞ்சாது. வேறொன்று மிஞ்சும்.

வேவ் ஹில்லை நினைவிருக்கிறதா? பெர்ண்ட் இணையர் பார்த்து எழுதிய அதே பண்ணை. 1966 ஆகஸ்ட் 23 அன்று வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் ஏறக்குறைய 200 குரிண்ட்ஜி மக்கள், மாடு மேய்ப்பவர்களும் வீட்டு வேலை செய்தவர்களும் பிள்ளை குட்டிகளோடு, அந்தப் பண்ணையை விட்டு நடந்து வெளியேறினார்கள். கூலி கேட்டுத் தொடங்கியது நிலம் கேட்கும் போராட்டமானது. ஒன்பது ஆண்டுகள் அசையாமல் நின்றார்கள். 1975இல் பிரதமர் கஃப் விட்லம் வந்து, ஒரு பிடி மண்ணை அள்ளி லிங்கியாரியின் உள்ளங்கையில் கொட்டி நிலத்தைக் கொடுத்தார். அவர்கள் நடந்துபோன அந்தத் தடம் 2007இல் ஆஸ்திரேலியாவின் தேசிய மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

அங்கே கோட்டை இல்லை, கோபுரம் இல்லை. மக்கள் நடந்த மண்பாதை. அதுவும் மரபுச் சின்னம்தான் என்று ஓர் அரசை ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார்கள்.

டார்வின் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் காக்ஸ் தீபகற்பத்துக்காக 1979இல் தொடுக்கப்பட்ட கென்பி நிலக் கோரிக்கையும் 2016 ஜூனில் முடிவுக்கு வந்தது. 37 ஆண்டுகள். கேட்டவர்களில் பலர் அதைப் பார்க்க இல்லை. ஆனால் அவர்கள் சொன்ன சாட்சியங்கள் பதிவாகியிருந்தன. அவற்றை வைத்துத்தான் அடுத்த தலைமுறை வாங்கியது.

நாம் செய்ய வேண்டியது இங்கேதான் இருக்கிறது. நம் மாவட்டங்களிலும் கைவிடப்பட்ட ஆலைகள், போர்க்கால விமானத் தளங்கள், தோல் கிடங்குகள், சுரங்கங்கள் இருக்கின்றன. என்றாவது ஒருநாள் அவற்றில் சிலவற்றுக்கு வண்ணம் பூசி, பலகை வைத்து, சீட்டுக் கொடுப்பார்கள். அந்தப் பலகையில் திறந்துவைத்த அமைச்சரின் பெயர் இருக்கும், கட்டிய துரையின் பெயர் இருக்கும். மண் சுமந்தவர்களின் பெயர் இருக்க வேண்டும் என்றால் அந்தப் பெயர்கள் முதலில் நம்மிடம் இருக்க வேண்டும்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும் தோழர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். தெருவில் மூத்தவர் யாரோ அவரிடம் உட்காருங்கள். இந்த ஏரிக்கரையை உயர்த்தியபோது யார் யார் வேலைக்குப் போனார்கள், என்ன கூலி, எங்கே தங்கினார்கள், யார் செத்தார்கள், முன்பு நம் தெரு எந்த இடத்தில் இருந்தது, அங்கிருந்து ஏன் எழுப்பினார்கள் என்று கேளுங்கள். சொன்ன தேதியோடு, சொன்னவரின் பெயரோடு எழுதுங்கள். கைப்பேசியில் குரலையும் பதிந்துகொள்ளுங்கள். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய பட்டா, ரசீது, பட்டாளத்துச் சான்று, தோட்டத்துச் சீட்டு எதையும் கிழிந்திருக்கிறது என்று எறியவிடாதீர்கள்.

லரக்கியாக்களின் மனுவும் கிழிந்துதான் இருந்தது. ஒட்டி அனுப்பினார்கள்.